மெல்லப் போகும்போது கேட்கும் சத்தம்

மாசிக் கொடை நாட்களில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக்குள் நுழையும் எந்த வண்டியும் நடை வேகத்துக்கு மேல் போக முடியாது. பகவதி அம்மனைக் காண இருமுடி சுமந்து வரும் பெண்கள் கூட்டம் ஒருபுறம். கேரளப் பதிவெண் தாங்கிய வேன்களும் கார்களும் மறுபுறம். நிறுத்த இடம் தேடி, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முழுசாக ஒடித்துத்தான் வண்டியை நுழைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் அறுபதிலும் எண்பதிலும் சத்தமில்லாமல் வந்த கார், இங்கே முன்சக்கரத்தடியில் ‘டக், டக், டக்’ என்று தட்டத் தொடங்கும். ஸ்டியரிங்கை நேராக்கினால் நின்றுவிடும். வேகம் பிடித்தாலும் கேட்காது.

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் குமரி மாவட்டத்து மெக்கானிக் ஒருவர் ஜாக்கியைக்கூட எடுக்காமல் பழுதைச் சொல்லிவிடுவார். அந்தத் திறமை ஒரே நாளில் வந்ததல்ல. காரை ஓட்டும் விசை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறியபோது, பட்டறையின் காதும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இப்பகுதியில் மோட்டார் தொழில் வளர்ந்த கதையோடு அந்தப் பழக்கத்தின் கதையும் பின்னிக் கிடக்கிறது.

மண்டைக்காடு 1949 வரை திருவிதாங்கூரையும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த ஊர். திருவிதாங்கூர் அரசு தன் சொந்தப் பேருந்துச் சேவையை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கியது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் அதற்குத் தலைமையேற்றார். இங்கிலாந்திலிருந்து ஏறத்தாழ 60 சேஸிகள் இறக்குமதியாயின. அவற்றில் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள் பொருத்தப்பட்டிருந்தன. முதலில் ஓடத் தொடங்கிய தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில், நாகர்கோவில்–கன்னியாகுமரி ஆகியவற்றோடு நாகர்கோவில்–குளச்சலும் ஒன்று. மண்டைக்காடு குளச்சலை ஒட்டிய ஊர். ஆக, டீசல் இன்ஜினின் ஓசை இந்தக் கடற்கரைக்குப் பரிச்சயமாகி எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ரயில் அதற்கு நெடுநாள் கழித்தே வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979இல்தான் ரயில் ஓடியது. திருநெல்வேலிப் பாதை 1981இல் இணைந்தது. அதுவரை குளச்சல் மீனானாலும், நாஞ்சில் நாட்டு நெல்லானாலும், மார்த்தாண்டத்து ரப்பரானாலும், எல்லாம் சாலை வழியேதான் ஊர் கடந்தன. வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும். உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர நாளாகும். அதனால் பழுதை முதல் முறையே சரியாகக் கண்டுபிடிப்பது இங்கே பிழைப்புக்கான தேவையாக இருந்தது. தொழில் கற்றுக்கொடுப்பவரை ஆசான் என்று அழைக்கும் குமரி வழக்கத்தில், பட்டறைப் பையன்கள் ஸ்பானர் அளவுகளைக் கற்றுக்கொள்ளும்போதே சத்தங்களையும் கற்றுக்கொண்டார்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றிப் பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பது அந்தப் பாடங்களில் ஒன்று. பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டறிந்ததும் இதே தத்துவத்தில்தான்: திடப்பொருள் வழியே வரும் ஒலி, காற்றில் வருவதைவிடத் தெளிவாகக் காதை எட்டும்.

அந்தக் காலத்துக் கார்கள் பெரும்பாலும் மூன்றே குடும்பங்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர். பம்பாய் பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட், பின்னாளில் பத்மினி. சென்னையை ஒட்டிய தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றிலும் இன்ஜின் முன்னே, ஓட்டும் சக்கரங்கள் பின்னே. இரண்டுக்கும் நடுவே வண்டியின் அடியில் நீளமாகச் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் மூட்டுகளில் சிலுவை வடிவத்தில் ஓர் எஃகுத் துண்டு இருக்கும். பட்டறைப் பேச்சில் அதற்குக் ‘கிராஸ்’ என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் விவரித்த மூட்டு அது.

கிராஸ் தேய்ந்தால் வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் ‘டங்’ என்று ஓர் அடி விழும். மெல்ல உருளும்போது தொடர்ந்து ‘டிக் டிக்’ கேட்கும். ஆனால் இதே போன்ற சத்தத்தைத் தளர்ந்த சக்கர நட்டும் தரும், வீல் கப்பும் தரும், டயர் பள்ளத்தில் மாட்டிய சிறு கல்லும் தரும். எப்படிப் பிரித்தறிவது?

எண்ணித்தான். பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு முறைக்கு மேல் சுற்றும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரே தட்டு என்றால் குற்றவாளி சக்கரத்தில் இருக்கிறது. நாலைந்து தட்டு என்றால் ஷாஃப்டில் இருக்கிறது. இதற்காகவே ஒருவர் வண்டியை மெல்ல ஓட்ட, இன்னொருவர் டயரில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வருவார். குறைந்த வேகம் இந்தச் சோதனைக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பழைய மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். டயரோடு சேர்த்து அதன் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது ஒரு விநாடிக்கு இரண்டு முறைகூடச் சுற்றாது, காதால் எண்ணிவிடலாம். 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றும். தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து, டயர் இரைச்சலிலும் காற்றிலும் கரைந்துவிடும்.

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை ஒப்படைத்தபோது, இந்தக் கணக்கின் பாதி பழசானது. 796 சி.சி. இன்ஜின், மூன்று சிலிண்டர், முன்சக்கர ஓட்டம். அடியில் நீண்ட ஷாஃப்ட் இல்லை, கிராஸ் இல்லை. அதற்குப் பதில் முன்சக்கரங்களுக்கு இரண்டு குட்டை ஆக்சில்கள். இந்தியச் சாலைகளில் ஏராளமாக ஓடிய முதல் முன்சக்கர ஓட்டக் கார் அதுதான்.

முன்சக்கரம் இரண்டு வேலை செய்ய வேண்டும்: வண்டியை இழுக்க வேண்டும், வளைந்து திசையும் காட்ட வேண்டும். ஹூக்கின் மூட்டு வளைந்தபடி சுழன்றால் அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். சில பாகை வளைவில் அது தெரியாது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் கையே உதறும். இதற்குத் தீர்வு தந்தவர் ஆல்பிரட் ரெப்பா. 1920களின் நடுவில் அவர் வடிவமைத்த மூட்டில், வளைந்த பள்ளங்களுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் உருண்டபடி விசையைக் கடத்துகின்றன. எவ்வளவு வளைந்தாலும் வேகம் மாறாது. 1959இல் அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய மினி கார் இந்த வகை மூட்டைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே மோரிஸ் பெயரில் மினியும் விற்றது. மோரிஸின் பழைய காரை அம்பாசடராக ஏற்றுக்கொண்ட இந்தியா, மினியின் தொழில்நுட்பத்தை ஜப்பானின் சுசுகி வழியே பெறுவதற்கு 24 ஆண்டுகள் ஆயின.

அந்த ஆறு குண்டுகளும் ஒரு ரப்பர் உறையை நம்பி வாழ்கின்றன. மெக்கானிக்குகள் ‘பூட்’ என்று சொல்லும் அந்த மடிப்பு உறைக்குள் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்புக் கிரீஸ் இருக்கும். பூட் கிழிந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். தண்ணீரும் மணலும் உள்ளே போகும். மண்டைக்காட்டுக் கரையில் அந்த மணல் லேசுப்பட்டதல்ல. அடுத்த ஊரான மணவாளக்குறிச்சியில் ஜெர்மானியரான ஷோம்பெர்க் 1909இல் மோனசைட்டைக் கண்டறிந்தார். இன்றும் அங்கே இந்திய அருமணல் ஆலை இயங்குகிறது. இல்மனைட், சிர்க்கான் ஆகியவற்றோடு இந்த மணலில் கார்னெட்டும் உண்டு. உப்புத்தாள் செய்யவும், எஃகைத் தண்ணீர்ப் பீச்சலால் அறுக்கவும் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் கனிமம் அது. கிரீஸோடு இப்படிப்பட்ட துகள் கலந்துவிட்டால், பள்ளத்தைப் பாதுகாக்க வேண்டிய கிரீஸே அதை அரைக்கத் தொடங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் சாலைத் தண்ணீருக்கும் குறைவில்லை.

பள்ளம் தேய்ந்து குழியானதும் சத்தம் பிறக்கிறது. நேராகப் போகும்போது குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். சக்கரம் வளைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடி, குழியின் விளிம்பைத் தாண்டும். ஒவ்வொரு தாண்டலும் ஒரு ‘டக்’.

இதை உறுதிசெய்யும் முறை இன்று எல்லாப் பட்டறைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டவெளியில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டம் அடிப்பார்கள். பிறகு மறுபக்கம். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தை முதலில் சந்தேகிப்பார்கள். ஐயமிருந்தால் ரிவர்ஸிலும் அதே வட்டம். பின்னோக்கிப் போகும்போது தேய்ந்த மூட்டு இன்னும் உரக்கத் தட்டுவதுண்டு. சக்கரத்தின் உட்புறம் வளையமாகக் கிரீஸ் தெறித்திருந்தால் வழக்கு முடிந்தது. வளைவே இல்லாமல் சாலைப் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ஷாக் அப்சர்பரின் மேல் மவுண்டையோ பால் ஜாயின்டையோ பார்ப்பார்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் தளர்ந்த பிரேக் பேடு. வண்டி நின்றிருக்கும்போதும் கேட்டால் அது சக்கரம் தொடர்பான சத்தமே அல்ல.

அதற்குப் பின்னும் புதிய சத்தங்கள் வந்தபடியே இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. சக்கர வேகத்தை அளக்கும் பல் வளையம் பல கார்களில் ஆக்சில் மூட்டின்மீதே இருக்கிறது. அது துருப்பிடித்து விரிசல் விட்டால், வண்டி நிற்கப் போகும் நேரத்தில் ஏ.பி.எஸ். தவறாக விழித்துக்கொண்டு, பிரேக் மிதியில் படபடவென்று தட்டும். மின்கார்களில் முன்னே போய்ப் பின்னே திரும்பும்போது ஒரே ஒரு ‘கிளிக்’ கேட்பதுண்டு. ஆக்சிலின் பற்கள் ஹப்புக்குள் மயிரிழை நகர்வதே காரணம். இன்ஜின் சத்தம் இல்லாததால் அதுவும் காதுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

ஸ்கேனர் கருவி இன்ஜினின் குறையைக் குறியீடாகக் காட்டும், ஏ.பி.எஸ். உணரியின் பிழையையும் காட்டும். தேய்ந்த குண்டு மூட்டை அது காட்டாது. அங்கே உணரியே கிடையாது. மனிதக் காது மட்டும்தான் இன்னும் அதைப் படிக்கிறது. தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.க்கள் மின்வாகனப் பிரிவுகளைத் தொடங்கிப் புதுக் கருவிகளால் நிறைந்துவரும் காலம் இது. நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு, மாவட்டத்து மூத்த மெக்கானிக்குகளின் சத்தப் பாடங்களும் கிடைக்க வேண்டும். தேய்ந்த மூட்டு, தளர்ந்த நட்டு, உடைந்த மவுண்ட் என்று ஒவ்வொன்றின் ஒலியையும் 10 கி.மீ. வேகத்தில், எந்தப் பக்கம் ஒடித்தபோது வந்தது என்ற குறிப்போடு பதிவுசெய்ய ஒரு கைபேசி போதும். அம்பாசடரின் கிராஸையும் மாருதியின் மூட்டையும் இரண்டையுமே கழற்றிப் பழகிய தலைமுறை பட்டறையை விட்டு ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. பதிவை அவர்களை வைத்துக்கொண்டே தொடங்கியாக வேண்டும்.