வானம் அடைபட்டபோது திறந்திருந்த துறை

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை உரைப்போர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என வல்லரசுகளையே வரிசைப்படுத்துவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததையும் மறவாது சேர்ப்பர். ஆயின் அத்துறைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது மூட்டை முடிச்சுடன் கப்பலுக்குக் காத்திருந்த எளிய பயணிகளின் வரலாறு. அதனை விளங்கிக்கொள்ள 1998ஆம் ஆண்டின் விமான விபத்தொன்றை அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திற்கான புகையிரத சேவை 1990இல் நின்றுபோயிற்று. பின்னர் வன்னியூடாகச் செல்லும் கண்டி வீதியும் அடைபட்டது. அவ்வீதியைத் திறக்கவென 1997 மே மாதத்தில் அரசாங்கம் தொடங்கிய பெரும் போர் நடவடிக்கை ஆண்டொன்று கடந்தும் நிறைவெய்தவில்லை. ஆகவே குடாநாட்டு மக்களுக்கு எஞ்சியவை இரண்டே வழிகள்: பலாலியிலிருந்து வான்வழி; காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கடல்வழி. வான்வழி விரைவானது. நோயாளரும், வெளிநாடு செல்வோரும், பிள்ளைகளைக் காணப் புறப்பட்ட பெற்றோரும் அதனையே நாடியதில் வியப்பில்லை.

1998 செப்டெம்பர் 29ஆந் திகதி, கிளிநொச்சியில் கடும் போர் நிகழ்ந்த அதே நாட்களில், லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்க விமானம் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிக் கிளம்பியது. அது அன்டனோவ் 24 வகையைச் சேர்ந்தது. அதில் பயணிகள் 48 பேரும் பணியாளர் 7 பேரும் இருந்தனர். பயணிகள் யாவரும் தமிழர்; அவர்களுள் பெண்களும் சிறுவர்களும் அடங்குவர். கிளம்பிப் பத்து நிமிடமளவில் விமானத்துடனான தொடர்பு அறுந்தது. 55 பேரில் ஒருவரும் மீளவில்லை. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியதென அரசாங்கம் கூறிற்று.

விபத்தின் பின் பயணிகள் விமான சேவை தடைப்பட்டது. மக்களின் பார்வை மீண்டும் திருகோணமலையை நோக்கித் திரும்பியது. அக்கடற்பயணமும் இலகுவானதன்று. பாதுகாப்பு அனுமதி பெறல் வேண்டும். கப்பல் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். முல்லைத்தீவுக் கரையை விலக்கி ஆழ்கடலூடே செல்லல் வேண்டும். கோணேசர் குன்று கண்ணிற்பட்டபோது பயணிகள் அடைந்த ஆறுதல் எத்தகையதென்று சொல்லவேண்டுவதில்லை. குன்று தெரிந்தால் கரை அண்மையில் என்பது பொருள். உயிர் தப்பியது என்பதும் அதன் பொருளாயிற்று.

விமானத்திற் சென்றோரின் உறவினருக்கோ அவ்வாறுதல் கிட்டவில்லை. உடலைக் காணாமல் ஈமக்கடன் செய்வதா, மீள்வர் என எண்ணி விளக்கேற்றுவதா எனத் தெரியாது அவர்கள் ஆண்டுக்கணக்கில் தவித்தனர். முன்னாட் போராளி ஒருவர் அளித்த தகவலின் பேரில், 2012ஆம் ஆண்டிலே கடற்படைச் சுழியோடிகள் இரணைதீவுக்கு அண்மையில் விமானத்தின் சிதைவுகளைக் கண்டனர். பதினான்கு ஆண்டு கடல்நீரிற் கிடந்த துணிமணிகள் பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினரின் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு சட்டையின் நிறத்தையோ சேலையின் கரையையோ கொண்டு தம்மவரை அடையாளங் காணவேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது.

2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. வழிகள் திறந்தன. எனினும், ஊருக்குப் போவதென்ற சிறு விருப்பமே உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிருந்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. போர்களின் திகதிகளோடு அப்பயணிகளின் நினைவும் நம் வரலாற்றில் இடம்பெறுதல் முறையாகும்.