முகம் கொடுத்த தொழில்

சனிக்கிழமை விடியக் காலை ஐந்தரைக்கு மொன்றியலில் ஓர் ஐஸ் அரங்கின் வாங்கில் குந்தியிருந்து பேரனின் கால் காப்புக்கு வார் இறுக்குவேன் என்று யாழ்ப்பாணத்தில் எந்தச் சாத்திரியாரும் எனக்குச் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்பது வயது. ஹொக்கி அணியில் கோலி, கோல் காப்பவன். எல்லாம் கட்டி முடிந்த பிறகு கம்பிக்கூடு வைத்த முகமூடியை மாட்டுவான். அதற்குப் பிறகு அவனில் எனக்குத் தெரிவது இரண்டு கண்கள்தான். மனைவி வீட்டிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "மூஞ்சிக்குப் போட்டவனோ?" என்பதுதான்.

நானும் ஒரு காலத்தில் விக்கெட் காப்பாளன். பள்ளிக்கூட மட்ச் ஒன்றில் தோல் பந்துக்கு முன்பல் ஒன்றைக் கொடுத்தேன். லேஞ்சியை வாயில் திணித்துக்கொண்டு மிச்ச ஓவர்களுக்கும் நின்றேன். பின்னேரம் முதுகில் விழுந்த தட்டுகள் அந்த நோவை மறக்கடித்துவிட்டன. அதனால் முகமூடி போட்டு ஆடிய ஹொக்கி கோலி ஜாக் பிளான்ட்டின் கதை எனக்கு இரண்டு பக்கமாகவும் விளங்குகிறது. அவருடைய பக்கமும் விளங்குகிறது, அவரைப் பயந்தவன் என்று சொன்னவர்களின் பக்கமும் விளங்குகிறது.

பிளான்ட் 1929இல் கியூபெக் மாகாணத்தில் ஷவினிகன் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். தொய்வு வருத்தம் இருந்ததால் நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது. அப்படித்தான் கோலுக்கு முன்னால் வந்து நின்றார். காசில்லாத வீடு. தாயிடம் கம்பளி பின்னப் பழகி, தன் தொப்பியைத் தானே பின்னிப் போட்டார். பெரிய ஆட்டக்காரராகி ஊர் ஊராக ரயிலில் போன காலத்திலும் பின்னல் ஊசியைக் கைவிடவில்லை. பதினைந்து வயதில் தகப்பன் வேலை செய்த தொழிற்சாலையின் அணிக்கு ஆடியபோது, ஆட்டத்துக்கு 50 சதம் கேட்டு வாங்கினார். மற்றவர்களிடம் சொல்லக்கூடாது என்பது பயிற்சியாளர் போட்ட நிபந்தனை. அவருடைய தொழில் வாழ்க்கை அந்த 50 சதத்தில் தொடங்கியது.

அந்தத் தொழிலின் கணக்கைச் சொல்லாமல் முகமூடியின் கதையைச் சொல்ல முடியாது. 1942 முதல் 1967 வரை தேசிய ஹொக்கி லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். அதில் பெரும்பாலான காலம் அணிக்கு ஒரு கோலி. ஆக, அந்த உச்சத்தில் இருந்த வேலை மொத்தம் ஆறு. கீழ் லீக்குகளில் அந்த ஆறு இடங்களுக்காகக் காத்திருந்தவர்களோ ஏராளம். ஆறடி அகலம், நாலடி உயரக் கோலுக்கு முன்னால், 170 கிராம் எடையுள்ள, குளிரில் உறைய வைத்த இறப்பர் வட்டுக்கு வெறும் முகத்தோடு நிற்க வேண்டும். பக் என்று இங்கே அதைச் சொல்வார்கள். கையில் எடுத்துப் பாருங்கள், கருங்கல் மாதிரி இருக்கும். கண் சிமிட்டுகிறவன், தலையைத் திருப்புகிறவன் என்று ஒரு கதை பரவினால் போதும், அடுத்த கிழமை அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். வீரம் என்று பத்திரிகைகள் எழுதியதில் பாதி, வேலை போய்விடும் என்ற பயம் என்பது என் எண்ணம்.

காயப்பட்டால் மாற்று ஆள் கிடையாது. தையல் போட்டு முடியும்வரை ஆட்டம் காத்து நிற்கும். 1928 இறுதிப் போட்டியில் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் கோலிக்குக் கண்ணில் அடிபட, பயிற்சியாளர் லெஸ்டர் பற்றிக் 44 வயதில் தானே காப்புகளைக் கட்டிக்கொண்டு இறங்கினார். 1930இல் கோலி கிளின்ட் பெனடிக்ட் மூக்கு உடைந்த பிறகு தோல் முகமூடி ஒன்றைச் சில ஆட்டங்களுக்குப் போட்டார். பார்வையை மறைக்கிறது என்று கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்த லீக்கில் யாரும் முகத்தை மூடவில்லை. டெரி சோச்சக் என்ற கோலியின் முகத்தில் ஏறிய தையல்களை 400 என்று கணக்கிட்டார்கள். கிளென் ஹால் ஒரு ஆட்டமும் தவறாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் முகமூடியின்றி நின்றார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் வாந்தி எடுத்துவிட்டு வருவார். முதலாவதைத்தான் சாதனைப் புத்தகத்தில் எழுதுவார்கள்.

பிளான்ட்டின் இரண்டு கன்ன எலும்புகளும் பயிற்சியிலேயே உடைந்தவை. அதனால் பயிற்சியில் மட்டும் முகமூடி போட அவர் ஆடிய மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதித்தார். ஆட்டத்தில் போட்டால் கவனம் குறையும் என்பது அவர் கட்சி. இதற்கிடையில் பைபர்கிளாஸ் கம்பனி ஒன்றில் வேலை செய்த பில் பர்ச்மோர், பிளான்ட்டின் முகத்தில் சாந்து அச்சு எடுத்து, அதற்கு அளவாக ஒன்று செய்து கொடுத்தார்.

1959 நவம்பர் 1. நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டன். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம் தாண்டியதும் ரேஞ்சர்ஸ் அணியின் அன்டி பாத்கேட் அடித்த பக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தன்னை விழுத்தியதற்குப் பழிவாங்க வேண்டுமென்றே முகத்துக்கு அடித்தேன் என்று பாத்கேட் முதுமையில் ஒப்புக்கொண்டார். தையல் போட்ட பிறகு பிளான்ட் சொன்னது ஒன்றுதான்: முகமூடி இல்லாமல் திரும்பமாட்டேன். பிளேக்குக்கு வேறு கோலி இல்லை. அணிக்கு ஒரு கோலி என்று சிக்கனம் பார்த்த அதே வழக்கம் அன்று முதலாளி பக்கத்தின் கையைக் கட்டிப்போட்டது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது. மொன்றியல் 3–1 என்று வென்றது.

காயம் ஆறியதும் கழற்றிவிடுவார் என்றுதான் பிளேக் நினைத்தார். பிளான்ட் கழற்றவில்லை, அடுத்து வந்த பல ஆட்டங்களில் அணியும் தோற்கவில்லை. 1960 மார்ச் 8இல் பிளேக்கின் வேண்டுகோளுக்காக ஒரே ஒரு முறை வெறும் முகத்தோடு இறங்கினார். 3–0 என்று தோல்வி. அத்தோடு அந்த வாக்குவாதம் முடிந்தது. அந்த வசந்தத்தில் கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்தாவது ஸ்டான்லி கிண்ணத்தை எடுத்தது. நான் ஆடிய கிரிக்கெட்டில், அவுஸ்திரேலியரான கிரஹம் யாலப் டெஸ்ட் ஒன்றில் முதன்முதலாக ஹெல்மெட்டோடு இறங்கியது 1978இல்தான், அதற்கும் சிரித்தார்கள்.

1963இல் பிளான்ட்டை நியூயோர்க்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 1965இல் ஓய்வு. 1968இல் திரும்பி வந்து சென்ற் லூயிஸ் அணியில் அதே கிளென் ஹாலோடு கோலைப் பங்கிட்டார். மிகக் குறைந்த கோல்களை விட்ட அணியின் கோலிகளுக்கான வெசினா விருதும் 1969இல் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 1970 இறுதிப் போட்டியில் ஒரு பக் நெற்றியில் மோதி அவர் நினைவிழந்து விழுந்தார். அப்போது வயது 41. முகமூடி இல்லாவிட்டால் தான் செத்திருப்பேன் என்று பிறகு சொன்னார். பயந்தவன் என்ற பெயர் வாங்கிய மனிதர் எட்மன்டனில் ஆட்டத்தை முடித்தபோது வயது 46. அதற்கு முந்தைய வருடம், 1974 ஏப்ரலில், பிற்ஸ்பேர்க் அணியின் அன்டி பிரவுன் லீக்கில் வெறும் முகத்தோடு நின்ற கடைசிக் கோலியானார்.

பேரனிடம் என் பல்லுக் கதையைச் சொன்னேன். "அம்மப்பா, ஏன் ஒண்டும் போடேல்லை?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிளான்ட் 1986 பெப்ரவரியில் ஜெனீவாவில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். சுவிற்சர்லாந்துக்குப் போட்டி ஒன்றுக்காக வந்திருந்த கியூபெக் சிறுவர் அணி ஒன்று, தேவாலய வாசலில் ஹொக்கி மட்டைகளை உயர்த்தி வளைவாகப் பிடித்து நின்றது. அதன் கீழால்தான் அவர் பெட்டியைத் தூக்கிச் சென்றார்கள்.