எந்தப் பள்ளியில் சேர்ப்பது: கொல்கத்தாவின் இருநூறு ஆண்டு வழக்கு

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி கொல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எழுந்தது. அதற்கு முன் குடும்பத்தின் தொழிலும் சாதியும் மதமும் அதை முடிவு செய்துவிட்டன. கணக்கர், வணிகர் வீட்டுப் பையன் பாட்சாலைக்குப் போனான். அது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கு நெருங்கிய உறவு. வசதியுள்ள ஒருவர் வீட்டுச் சண்டி மண்டபத்தில் குருமஷாய் பிள்ளைகளை உட்கார வைத்துக் கற்பிப்பார். முதலில் மணலில் எழுத்து, பிறகு பனையோலை, அடுத்து வாழையிலை, கடைசியில் தாள். கணக்குக்குச் சுபங்கரி என்னும் மனப்பாடச் செய்யுள்கள் உண்டு. பிராமணப் பிள்ளைகளுக்குச் சமஸ்கிருத டோல் இருந்தது. நீதிமன்ற உத்தியோகத்தை நாடியவர்கள் பாரசீகம் படித்தார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780இல் தொடங்கிய கல்கத்தா மதரஸா, கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு இஸ்லாமியச் சட்டம் அறிந்த அலுவலர்களைத் தந்தது.

கம்பெனியின் வணிகம் பெருகப் பெருக, ஆங்கிலம் தெரிந்த பனியாக்களுக்கும் (வணிக இடைத்தரகர்களுக்கும்) எழுத்தர்களுக்கும் வருமானம் கூடியது. சித்பூரில் ஷெர்போர்ன் என்பவர் நடத்திய சிறு பள்ளியில் துவாரகாநாத் தாகூர் ஆங்கிலம் கற்றார். தர்மதலாவில் டிரம்மண்ட் நடத்திய பள்ளி டிரோஸியோவை உருவாக்கியது. இவை தனி ஆட்களின் முயற்சிகள். நகரத்து இந்துப் பெருமக்களே பணம் திரட்டி, 1817 ஜனவரி 20 அன்று கரன்ஹட்டாவில் ஒரு வாடகை வீட்டில் இந்துக் கல்லூரியைத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. அன்று வந்த மாணவர்கள் இருபது பேர். ஆங்கிலக் கல்வியை அரசு கொண்டுவந்து திணித்தது என்ற கதை கொல்கத்தாவைப் பொறுத்தவரை பாதி உண்மைதான். ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு 1835 பிப்ரவரியில் வந்தது. பெற்றோர் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். 1823இல் அரசு சமஸ்கிருதக் கல்லூரிக்குத் திட்டமிட்டபோது, அந்தப் பணத்தில் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்று தலைமை ஆளுநர் ஆம்ஹெர்ஸ்டுக்குக் கடிதம் எழுதியவர் ராம்மோகன் ராய்.

இடம் கிடைப்பது அப்போதே கடினம். டேவிட் ஹேர் ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரம் செய்து பிழைக்க வந்தவர். தொழிலை விட்டுவிட்டுத் தன் செல்வத்தைப் பள்ளிகளுக்குச் செலவிட்டார். 1818இல் அமைந்த கல்கத்தா பள்ளிச் சங்கத்தின் இலவச இடங்கள் அவர் கையில் இருந்தன. அவர் பல்லக்கு தெருவில் போனால் சிறுவர்கள் பின்னாலேயே ஓடிச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுவார்கள். கிருஷ்ணநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ராம்தனு லாஹிரி ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படி ஓடிய பிறகே இடம் பெற்றார். பின்னாளில் வங்கத்தின் மதிப்புக்குரிய ஆசிரியர்களில் ஒருவரான அவருடைய கதையைச் சிவநாத சாஸ்திரி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பல்லக்கை எட்டிப் பிடிக்க முடியாமல் ஊர் திரும்பிய சிறுவர்களைப் பற்றி எழுத ஆளில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோரைப் பள்ளி அச்சுறுத்தவும் செய்தது. இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த டிரோஸியோவின் மாணவர்கள் சாதியையும் சடங்கையும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டனர். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினர். 1831இல் டிரோஸியோ வெளியேற நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மிஷனரி அலெக்சாண்டர் டஃப், ராம்மோகன் ராயின் உதவியோடு, மிஷன் பள்ளியைத் திறந்திருந்தார். கட்டணம் இல்லை, கற்பித்தல் நன்று, ஆனால் பைபிள் பாடம் கட்டாயம். வசதி குறைந்த வீடுகள் அங்கே பிள்ளைகளை அனுப்பின. 1845இல் அங்கே படித்த உமேஷ் சந்திர சர்க்கார் மனைவியோடு கிறிஸ்தவரானபோது நகரமே கொதித்தது. பிரம்ம சமாஜத் தலைவர் தேவேந்திரநாத் தாகூர் வீடு வீடாகச் சென்று செல்வர்களைத் திரட்டினார். அதுவரை அவரோடு முரண்பட்டு நின்ற பழமைவாதத் தலைவர் ராதாகாந்த தேவும் சேர்ந்துகொண்டார். மிஷன் பள்ளிக்கு மாற்றாக, கட்டணமில்லாத இந்து ஹிதார்த்தி வித்யாலயம் 1846இல் திறக்கப்பட்டது. பூதேவ் முகோபாத்யாய் அதன் முதல் ஆசிரியர்களில் ஒருவர். வேறு போக்கிடம் இல்லாததால்தான் ஏழை வீடுகள் மிஷன் பள்ளியை நாடின என்பதைத் தேவேந்திரநாத் சரியாகவே கண்டுகொண்டார்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, எந்தப் பள்ளி என்பதற்கு முன் பள்ளியே வேண்டுமா என்ற வாதம் நடந்தது. டிரிங்க்வாட்டர் பெத்யூன் 1849 மே 7 அன்று தொடங்கிய பள்ளியில் 21 சிறுமியர் சேர்ந்தனர். சமஸ்கிருத அறிஞர் மதன் மோகன் தர்க்காலங்கார் தம் மகள்கள் புவனமாலா, குந்தமாலா இருவரையும் அங்கே அனுப்பினார். ஊரார் அவரைச் சமூக விலக்கம் செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. சம்பளம் பெறாமல் அந்தப் பள்ளியில் தாமே கற்பிக்கவும் செய்தார். சீர்திருத்தவாதி வித்யாசாகர் அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சின் 1844ஆம் ஆண்டுத் தீர்மானம் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தந்தது. 1857இல் கல்கத்தா பல்கலைக்கழகமும் வந்த பிறகு வழி ஒன்றே ஆனது. 1836இல் லா மார்ட்டினியர், 1842இல் லொரேட்டோ, 1860இல் செயின்ட் சேவியர் என ஐரோப்பியர் நடத்திய பள்ளிகள் பெருகின. வங்காளிச் செல்வர்களும் மெல்ல அவற்றுக்குள் நுழைந்தனர். ரவீந்திரநாத் தாகூர் ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர் என்று மாறி மாறிப் போய், எதிலும் நிலைக்கவில்லை.

1905இன் சுதேசி எழுச்சியில் மாணவர்கள் பல்கலைக்கழகத்தை அடிமைக்கூடம் என்று பொருள்படும் கோலாம்கானா என்ற பெயரால் இகழ்ந்தார்கள். 1906இல் தேசியக் கல்விக் கவுன்சில் அமைந்தது. தாய்மொழியில் பயிற்று, அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்பது அதன் கொள்கை. அது நிறுவிய வங்க தேசியக் கல்லூரியை அரவிந்தர் வழிநடத்தினார். ஆனால் அங்கே பெற்ற சான்றிதழுக்கு அரசு வேலை கிடைக்காது. வேகம் தணிந்ததும் பெரும்பாலோர் பிள்ளைகளைப் பழைய இடத்துக்கே அனுப்பினர். அந்தக் கவுன்சிலின் தொழில்நுட்பப் பிரிவு மட்டும் வளர்ந்து, 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று.

இந்த வரலாற்றின் கசப்பான பகுதி 1980களில் நடந்தது. 1977இல் மேற்கு வங்கத்தில் ஆட்சிக்கு வந்த இடதுசாரி முன்னணி, அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நீக்கியது. 1983 முதல் இது நடைமுறைக்கு வந்து, ஆறாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கியது. தொடக்க வகுப்புகளில் தேர்ச்சி, தோல்வி முறையும் கைவிடப்பட்டது. நோக்கத்தைக் குறை கூற முடியாது. கிராமங்களில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைகள் பாதியில் நின்றுவிட்டார்கள், தெரியாத மொழி அதற்கு ஒரு காரணம் என்று கருதப்பட்டது. தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்பதே கல்வியாளர் பலருடைய கருத்தும். தாகூரின் பெயரும் இந்த வாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்பட்டது. மொழியறிஞர் சுகுமார் சென் முதலானோர் எதிர்த்தனர். எஸ்.யு.சி.ஐ. கட்சி ஆண்டுக்கணக்கில் போராடியது.

விதி தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே திட்டத்தின் பெரும் ஓட்டை. வசதியுள்ள வீடுகள் ஆங்கில மீடியத்துக்கு நகர்ந்தன. நடுத்தரக் குடும்பங்கள் டியூஷனுக்குப் பணம் கட்டின. ஆங்கிலத்தை இழந்தவர்கள் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள், அதாவது யாருக்காக விதி வகுக்கப்பட்டதோ அவர்கள். இந்த விதியின் கீழ் படித்த தலைமுறையின் ஊதியம் அதனால் குறைந்தது என்று பொருளியல் ஆய்வுகள் பின்னர் காட்டின. வங்கமொழிப் பள்ளிகளுக்கும் இது நன்மை செய்யவில்லை. சமத்துவம் தர வேண்டிய பொதுப்பள்ளி, வேறு வழியில்லாதவர் பள்ளி என்ற பெயரை வாங்கிக்கொண்டது.

அரசு படிப்படியாகவே இறங்கி வந்தது. அசோக் மித்ரா தலைமையிலான குழு 1992இல் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்பிக்கப் பரிந்துரைத்தது. 1998இல் பவித்ர சர்க்கார் குழு மூன்றாம் வகுப்பைச் சொன்னது. 1999இல் அது நடைமுறையாகி, 2004இல் முதல் வகுப்புக்கே ஆங்கிலம் திரும்பியது. அதற்குள் போனவர்கள் திரும்பவில்லை. முப்பதுக்கும் குறைவான மாணவர்களோடு இயங்கும் அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் மாநிலத்தில் எட்டாயிரத்துக்கும் மேல் இருப்பதாக 2023இல் செய்தி வெளியானது. கொல்கத்தாவின் பழம்பெயர் பெற்ற வங்கமொழிப் பள்ளிகள் சிலவும் மாணவரின்றித் தவிக்க, அரசே தன் பள்ளிகளில் ஆங்கில மீடியப் பிரிவுகளைத் தொடங்கியிருக்கிறது.