கெல்லாச் செடியும் அலெப்போ மருத்துவரும்

வசந்தத்தில் ரோஜா மலர்ந்ததும் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிவிடும். அதன் காரணத்தை ஆராய்ந்து மருத்துவ மேதை அர்ராஸீ ஒரு தனிச் சிற்றேடே எழுதினார். அவர் மறைந்தது 925-இல். 'அலர்ஜி' என்னும் சொல்லோ 1906-இல்தான் பிறந்தது. அர்ராஸீயைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம் பிற்காலக் கதையொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன் வேரும் அரபு மண்ணில்தான் உள்ளது.

எகிப்தில் கெல்லா என்றொரு செடி வளர்கிறது. நம் ஓமத்தின் தூரத்து உறவு. அதன் விதைக் கஷாயத்தைச் சிறுநீரகக் கல் வலிக்கு மக்கள் நெடுங்காலமாகக் குடித்துவந்தனர். அதிலுள்ள கெல்லின் என்னும் பொருள் தசைகளைத் தளர்த்தும், மூச்சுக்குழலை விரிக்கும், குமட்டலையும் தரும். குமட்டாத மாற்றுச் சேர்மங்களை 1950களில் இங்கிலாந்தின் பெங்கர் ஆய்வகம் தேடத் தொடங்கியது.

1956-இல் அங்கே சேர்ந்தவர் ரோஜர் அல்டூன்யன். சிரியாவில் பிறந்த ஆர்மீனிய வழித்தோன்றல். அலெப்போவில் பாட்டனார் நிறுவிய மருத்துவமனையில் பணியாற்றியவர். தாமே ஆஸ்துமா நோயாளி. விலங்குச் சோதனைகளை நம்பாத அவர் தம் நெஞ்சையே ஆய்வுக்கூடமாக்கினார். புதிய சேர்மமொன்றை முதலில் எடுத்துக்கொள்வார். பின்பு கினிப்பன்றியின் முடியிலிருந்து எடுத்த சாற்றைச் சுவாசித்து, வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்து, மூச்சு எவ்வளவு குறைகிறது என அளப்பார். ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்காக! இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இதற்கு இசையுமென்று தோன்றவில்லை.

1965-இல் சோடியம் குரோமோகிளைகேட் கைகூடியது. விந்தை என்னவெனில், அது மூச்சுக்குழலை விரிப்பதே இல்லை. ஒவ்வாப் பொருள் தீண்டும்போது மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைச் சிந்தாதபடி தடுக்கிறது. ஆதலால் இழுப்பு வந்தபின் பயனில்லை. முன்னரே எடுக்க வேண்டும். குடலில் சரிவர உட்கிரகிக்கப்படாத அத்தூளை நுரையீரலுக்குள் அனுப்ப, சிறு விசிறி சுழலும் கருவியொன்றையும் அவர் வடிவமைத்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர் அல்லவா! 1967-இல் சிகிச்சை முடிவுகள் 'லான்செட்' இதழில் வெளியாயின.

"கெல்லாவில் ஆஸ்துமா மருந்து உள்ளது" எனச் சிலர் எழுதுவது பிழை. செடி வழியைத்தான் காட்டியது. மருந்து ஆய்வகத்தில் உருவானது. கஷாயம் காய்ச்சிக் குடித்தால் குரோமோகிளைகேட் கிடைக்காது.

அல்டூன்யன் 1987-இல் காலமானார். ஆஸ்துமாவுக்கு இப்போது வேறு மருந்துகளே முன்னிற்கின்றன. ஒவ்வாமையால் கண் அரிப்போருக்கு அவர் கண்ட மருந்து இன்றும் சொட்டு மருந்தாகப் பயன்படுகிறது.