லிட்டர் எடை: போடி ஏலக்காயின் சோதனை

ஏலக்காயின் தரத்தை நிறமும் பருமனும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பிய காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பதும் கணக்கு. முற்றாமல் பறித்த காயில் விதை சுருங்கிவிடும். வெளித்தோற்றம் கண்ணை ஏமாற்றும், தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

போடிமெட்டுக்கு மேலுள்ள ஏலமலைத் தோட்டங்களின் காய் நெடுங்காலமாகப் போடிநாயக்கனூருக்கே இறங்கிவந்தது. 1928இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. சல்லடையில் பருமன் பிரித்து, பெண்கள் கையால் பொறுக்கித் தரம் சேர்ப்பது ஊரின் முதன்மையான வேலைகளில் ஒன்றாயிற்று. அந்தக் கைகளின் தேர்ச்சிக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

1937ஆம் ஆண்டின் தரச் சட்டத்தின் கீழ், ஏலக்காய்க்கான அக்மார்க் விதிகள் 1962இல் வந்தன. ஆலப்புழைப் பச்சை வகையில் உயர்தரத்துக்கு 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். பருமன் இருந்தும் எடை குறைந்தால் அந்தத் தரம் கிடையாது. 2024இல் பெல்ஜியம் பந்தயத்தில் முதலாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸலின் ஃபார்முலா 1 கார், 798 கிலோவுக்கு 1.5 கிலோ குறைந்ததால் வெற்றியை இழந்ததும் இதே கண்டிப்பால்தான்.

இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது.