ஏனமும் கிழங்கும்

ஓர் இனத்தாரின் உணவைப் பழிப்பது எளிது. அவ்வுணவு அவர்களிடையே ஏன் தோன்றிற்று என ஆராய்வார் சிலரே. இன்று நாம் அத்தகைய உணவு ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன், நார்வே, டென்மார்க்கு ஆகிய நாடுகளை ஸ்காண்டினேவியா என்பர். இவருள் டென்மார்க்கு நாட்டினர் நமக்குப் புதியவர் அல்லர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிகம் செய்தவர்கள். சுவீடன் நாட்டார் கிறிஸ்துமஸ் நாளில் பன்றித்தொடையை விரும்பி உண்பர். அதனை உப்பு நீரில் ஊறவைத்து, மெல்ல வேகவைத்து, தோலை நீக்குவர். பின்னர்க் கடுகு விழுதும் முட்டையும் கலந்து மேலே பூசி, ரொட்டித் தூளைத் தூவி, பொன்னிறமாகும்வரை அடுப்பில் வாட்டுவர். தேனோ சர்க்கரையோ பூசுவதும் உண்டு. உடன் உண்பவை உருளை, காரட், டர்னிப் முதலிய கிழங்கு வகைகள்.

இவ்வழக்கத்திற்குக் காரணம் குளிரே. பனிக்காலம் முழுவதும் விலங்குகளுக்குத் தீனி அளிக்க இயலாமையால், முன்னரே பன்றியைக் கொன்று, இறைச்சியை உப்பாலும் புகையாலும் காத்தனர். மண்ணுக்குள் விளைந்து நெடுநாள் கெடாமல் இருப்பது கிழங்கு. ஆகவே இரண்டும் ஒரே கலத்தில் சேர்ந்தன.

இச்சேர்க்கை நம் நாட்டிற்கும் பழையதே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. செங்கண்மா இன்றைய செங்கம். அதன் தெற்கே தென்பெண்ணைக்கு அப்பால் எழுவது கல்வராயன் மலை. மலைச்சாரலில் கவலை, கூவை, இஞ்சி ஆகியன விளைந்திருத்தலை அந்நூல் கூறுகிறது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் கற்பொறி வைத்ததையும் கூறுகிறது. வழியில் பன்றி கிடைத்தால், காய்ந்த மூங்கிலில் எழுந்த தீயில் புகைநாற்றம் ஏறாமல் வாட்டி உண்டு, சுனை நீர் பருகி, எஞ்சியதைப் பொதிந்துகொண்டு செல்லுமாறு புலவர் வழி சொல்கிறார். வடநாட்டார் இறைச்சியைக் காக்கப் புகையை நாடினர். நம் மலைவழியாரோ சுவையைக் காக்கப் புகையை விலக்கினர்.

கிழங்கையும் தேனையும் செல்வமாகப் போற்றியவர் கபிலர். உழாமலே பறம்பு மலை தரும் பயன் நான்கினுள், மூங்கில் நெல்லோடும் பலாப்பழத்தோடும் இவ்விரண்டையும் சேர்த்து அவர் பாடியுள்ளார். அவர் தம் இறுதியை எய்திய இடம் திருக்கோவலூர் என்பதை அவ்வூர் வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு உணர்த்துகிறது. அத்திருக்கோவலூர், 2019ஆம் ஆண்டு தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. 1976 வரை மூன்று சாகீர்தாரர்களின் ஆட்சியில் இருந்த அவர்களைப் பற்றிச் சமவெளியார் அறிந்தது குறைவு. காட்டுப்பன்றி வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. மலையில் இன்று பெரிதும் பயிராவது மரவள்ளி; அது சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மரவள்ளியின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. சுவீடனில் டர்னிப்பின் இடத்தைப் பிடித்த உருளைக்கிழங்கும் அக்கண்டத்திலிருந்து வந்ததே.

வந்த பயிரை வெறுக்க வேண்டுவதில்லை. ஆனால் கவலையும் கூவையும் பெயரளவில் உரையாசிரியர் குறிப்பிலே நின்றுவிடலாகாது. காட்டில் தோண்டுமிடம், தோண்டும் பருவம், நச்சு நீங்க வேகவைக்கும் முறை ஆகியன மலைமுதியோர் நினைவில் உள்ளவை. அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல், கல்வெட்டைப் படியெடுத்தலுக்கு நிகரான வரலாற்றுப் பணியாகும். கல்வெட்டு நூறாண்டு காத்திருக்கும். முதியோர் அவ்வாறு காத்திருத்தல் இயலாது.