ஒப்புருவாக்கத் தற்செயல் சோதனை

வியக்கவைக்கும் ஒரு நிகழ்வு தற்செயலாகவே நேர்ந்திருக்கலாமா என்று அறிய உதவும் புள்ளியியல் முறை. தற்செயல் மட்டுமே ஆளும் ஆட்டம் ஒன்றைக் கணினியில் பல்லாயிரம் முறை ஆடவிட்டு, அதே அதிசயம் எத்தனை முறை தலைகாட்டுகிறது என்று எண்ணுவார்கள். மாண்டே கார்லோ முறைகளில் இதுவும் ஒன்று. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாள் சீட்டாட்டம் கைகூடும் வாய்ப்பைப் பற்றி யோசித்ததில் முளைத்தது அந்த எண்ணம்.

இந்தியாவில் இதற்கு வாகான எடுத்துக்காட்டு கிரிக்கெட் டாஸ். 2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கி 2025 டிசம்பர் 3, ராய்ப்பூர் ஆட்டம் வரை, இந்திய ஆடவர் அணி ஒருநாள் போட்டிகளில் அடுத்தடுத்து 20 டாஸ் தோற்றது. ரோகித் சர்மா, சுப்மன் கில், கே.எல். ராகுல் என்று தலைவர்கள் மாறியும் பலனில்லை. 20 முறை சுண்டி எல்லாமே தோற்க வாய்ப்பு 10,48,576இல் ஒன்று. சந்தேகம் கிளம்பியது இந்த எண்ணால்தான்.

ஆனால் கேள்வியே பிசகு. அந்த 20 ஆட்டங்களை நாம் முன்கூட்டியே குறித்து வைக்கவில்லை. தோற்ற பிறகு பொறுக்கி எடுத்தோம். 1971 முதல் 4,900க்கு மேற்பட்ட ஒருநாள் போட்டிகள் நடந்துள்ளன. ஆட்டத்துக்கு இரண்டு அணி என்றால், ஏறக்குறைய பத்தாயிரம் டாஸ் முடிவுகள். கணினியில் பத்தாயிரம் டாஸ் சுண்டி, எங்காவது 20 தொடர் தோல்வி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதையே பத்தாயிரம் முறை செய்தால் சுமார் 48 முறை வரும். அதாவது ஏறத்தாழ 210இல் ஒன்று. அரிதுதான், ஆனால் நாணயத்தின் மீது பழிபோடப் போதாது.

கணினி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒடுகத்தூர் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தை 100 முறை சுண்டி, பூ, தலை என்று நோட்டில் எழுதிவரட்டும். ஒரே பக்கம் ஐந்து முறை தொடர்ந்து விழாமல் போவது அபூர்வம். ஆம்பூர் ஷூ ஆலையில் ஒரு லைனில் மட்டும் ரிஜெக்ட் கூடினாலும் இதே முறை உதவும்: லைன் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கலைத்து, ஜோடிகளுக்கு மீண்டும் மீண்டும் பங்கிட்டுப் பார்க்கலாம்.

2025 டிசம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்தில் ராகுல் இடக்கையால் சுண்டினார்; டாஸ் இந்தியாவுக்கு விழுந்தது. அந்த 21ஆவது முறையும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்.